இரண்டாவது லாட்டின் பச்சை

தபஸ்ஸுமிடம் போய், "இதையெல்லாம் ஆட்டோவுல போட்டு எடுத்துரலாமே" என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். "ஆட்டோ வேணும்னா ஸ்டாண்டுல கூப்பிட்டுக்கங்க. நான் எதுக்குங்க?" என்று கேட்பாள். நல்லூரில் அவளைத் தெரிந்த பாதிப்பேர் இந்தப் பதிலை ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். கேமராவின் தலையில் ஒரு திருகு உண்டு. அதில் பச்சைக் குறிக்குத் திருப்பினால் எவ்வளவு வெளிச்சம், எந்த வேகம், என்ன நிறம் என்று எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்துகொள்ளும். எடுப்பவர் அமுக்கினால் போதும். அந்தப் பச்சைக் குறியைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாது.

அதற்குக் காரணம் இருந்தது. கேமரா வாங்கிய புதிதில் அவளும் ஆட்டோவில்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் ஆண் போட்டோக்காரர்கள் வரமாட்டார்கள் என்பதால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு கல்யாணத்தில் பெண் நல்ல கறுப்பு, மினுமினுவென்று களையான முகம். ஆல்பம் கைக்கு வந்ததும் அந்தப் பெண் முதல் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். கேமராவுக்கு எல்லாமே நடுவாந்தரமாக இருந்தாக வேண்டும். கறுப்பை வெளுத்துவிடும், வெள்ளையை மங்கடித்துவிடும். யாரையும் அவர்களாக இருக்க விடாது. அன்றைக்குத் தபஸ்ஸும் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. யூட்யூபைப் பார்த்து, படங்களைக் கெடுத்து, மறுபடியும் எடுத்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே திருகி வைக்கக் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்ட பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தா பாரூக்கின் கட்பீஸ் கடைக்குப் பக்கத்திலிருந்த நிட்டிங் யூனிட்டுக்குப் போய்விடுவாள். ஷட்டரை மெதுவாக்கி வைத்துவிட்டு, சுற்றும் மெஷினுக்கு முன்னால் ஆபரேட்டரை அசையாமல் நிற்கச் சொல்வாள். படத்தில் மெஷினும் நூலும் வெண்புகையாகச் சுழலும். நடுவில் அந்தப் பீகார்ப் பையன் கல்லில் செதுக்கினாற்போல நிற்பான். "இதை ஆட்டோவுல எடுத்துக் காட்டுங்க பாக்கலாம்" என்று கணவன் அஸ்ஃபாக்கிடம் சவால் விடுவாள். எம்பிராய்டரி யூனிட்டில் காலையிலிருந்து நின்றுவிட்டு வந்த மனிதன், "எனக்கு எதுக்குடி வம்பு, சோத்தப் போடு" என்பான்.

இந்தப் பெருமையில் தப்பொன்றும் இல்லை. உழைத்துக் கற்ற வித்தைக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்துவிட்டுத்தான் போகட்டுமே. ஆனால் ஒரு குறை தன்னிடம் இல்லை என்று ஒருத்தி ஊருக்கே அறிவித்துவிட்ட பிறகு, அந்தக் குறை தன்னிடம் எட்டிப்பார்க்கும்போது அதை ஒப்புக்கொள்ள வாய் வராது. தபஸ்ஸும் மாட்டிக்கொண்டது இதில்தான்.

நெருப்பெரிச்சல் பகுதியில் வேல்குமார் என்பவரின் பனியன் கம்பெனி. குழந்தைகளுக்கான டீ-ஷர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வாங்குகிற பையருக்கு ஒவ்வொரு சரக்கையும் முதலில் படமாக அனுப்பியாக வேண்டும். படம் எடுக்கத் தபஸ்ஸும் போவாள். ஒரு சாம்பல்நிற அட்டையைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, அதைக் காட்டி, "இதுதான் சாம்பல், இதுக்கு மேல நீயா எதுவும் யோசிக்காதே" என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டுத்தான் முதல் படம் எடுப்பாள். துணியின் நிறம் படத்தில் அப்படியே வரும். வேல்குமார் வருகிற போகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டி, "மேனுவலுங்க. ஆட்டோவத் தொடமாட்டாங்க" என்று சொல்லுவார். ஏதோ சொந்தத் தங்கையைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

அதே கம்பெனியில் ஷேடு பார்ப்பவள் சித்ராதேவி. சாயப்பட்டறையிலிருந்து துணி லாட் லாட்டாக வரும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை வெட்டி, பையர் ஒப்புக்கொண்ட துண்டோடு, ஒரே சீராக வெளிச்சம் விழும் லைட் பாக்ஸுக்குள் அருகருகே வைத்துப் பார்த்து, சரி என்று அவள் தலையாட்டினால்தான் துணி கட்டிங் டேபிளுக்குப் போகும். சோமனூரில் தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். ஐம்பதைத் தொடப் போகிறாள். அதட்டிப் பேசத் தெரியாது. வேண்டாம் என்பதைக்கூட, "இன்னொருக்கா சாயத்துல முக்கி எடுத்தா நல்லா இருக்குமுங்க" என்றுதான் சொல்வாள். வளர்ந்த ஆண்பிள்ளைகள், மாஸ்டர்கள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மத்தியானம் தபஸ்ஸும் வந்தால் தன் டிபன்பாக்ஸ் மூடியில் பாதிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து, "தின்னு அம்மணி, வெயில்ல வந்திருக்கே" என்பாள். இவர்களுக்குள் அவ்வளவுதான் பழக்கம். அதுவே தபஸ்ஸுமுக்குப் பெரிதாக இருந்தது.

ஒருமுறை வந்த ஆர்டர் பிஸ்தாப் பச்சை. முதல் லாட்டைத் தைத்து, படமெடுத்து, கப்பலிலும் ஏற்றியாகிவிட்டது. இரண்டாவது லாட்டைப் படமெடுக்கப் போவதற்கு முந்தின நாள் தபஸ்ஸும் ஒரு மருதாணி வீட்டில் இருந்தாள். பொடிசுகள் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று நாற்காலியில் ஏறியது, இன்னொன்று மருதாணிக் கையோடு கல்யாணப் பெண்ணின் மேல் பாய்ந்தது. இருட்டும் வெளிச்சமுமாக இருந்த இடத்தில் திருகித் திருகி வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் பச்சைக் குறிக்குத் திருப்பிவிட்டாள். படங்கள் நன்றாகவே வந்தன. அதுதான் வினை. நன்றாக வந்ததால் மறந்துபோனாள்.

மறுநாள் வேல்குமார் கம்பெனியில் பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் இந்துமதி தலைமேல் நின்றாள். "அக்கா, பையர் லைன்லயே இருக்காங்க, சீக்கிரம்" என்று பிடுங்கினாள். தபஸ்ஸும் பழக்கத்தில் சாம்பல் அட்டையை வைத்தாள், படம் எடுத்தாள். திருகைப் பார்க்கவில்லை. கேமரா தன் இஷ்டத்துக்கு, இவ்வளவு பச்சை எதற்கு என்று கொஞ்சத்தைக் கழித்துவிட்டது. பின்னால் இருந்த வெள்ளைத் தாளைப் பார்த்து, இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று அதையும் குறைத்தது. சின்னத் திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்தபோது எதுவும் உறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டபோதுதான் தெரிந்தது. பிஸ்தா, மங்கிப்போன பாசிப்பயறு மாதிரி கிடந்தது. கேமராவை எடுத்துத் திருகைப் பார்த்தாள். அது பச்சைக் குறியிலேயே நின்றது.

அப்போதே இந்துமதிக்கு போன் போட்டு, "தப்பாயிருச்சு, நாளைக்கு வந்து மறுபடி எடுத்துத் தர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'ஆட்டோ' என்ற சொல் இருந்தது. வேல்குமாரின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் உட்கார்ந்து நிறத்தை இழுத்துப் பிடித்துத் திருத்திப் பார்த்தாள். ஓரளவுக்கு வந்தது, முழுக்க வரவில்லை. இந்துமதி மறுபடி மறுபடி மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தாள். இதையெல்லாம் எவன் உற்றுப் பார்க்கப் போகிறான் என்று அனுப்பிவிட்டாள்.

பையர் உற்றுப் பார்த்தான். இரண்டு லாட்டின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஷேடு மாறியிருக்கிறது என்று மெயில் போட்டுவிட்டான்.

வேல்குமார் எல்லோரையும் லைட் பாக்ஸ் முன்னால் கூட்டினார். ஒரிஜினல் படங்களோடு தபஸ்ஸுமையும் வரச்சொன்னார். முதலில் டேப்லெட்டில் படத்தைக் காட்டினார், பிறகு இரண்டு லாட்டிலும் வெட்டி வைத்திருந்த துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்தார். அந்த வரிசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த கண் துணியிலும் அதையே தேடும். எந்த இரண்டு லாட்டுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கட்டிங் மாஸ்டர் குனிந்து பார்த்து, "ஆமாங்க, கொஞ்சம் மங்கலாட்டந்தான் இருக்குது" என்றார். அவர் சொன்னதும் இந்துமதிக்கும் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்ததும் பேக்கிங்கில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. ஆளாளுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

சித்ராதேவி மட்டும் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். "எனக்கு ஒண்ணாட்டந்தான் தெரியுதுங்க."

"அக்கா, படத்துல அப்பட்டமாத் தெரியுதுங்களே" என்றார் வேல்குமார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "போட்டோ எடுத்தது தபஸ்ஸுமுங்க. ஆட்டோ கீட்டோன்னா சந்தேகப்படலாம். அவங்க கேமரா பொய் சொல்லாதுங்க."

எல்லோரும் தபஸ்ஸுமைப் பார்த்தார்கள். சித்ராதேவியும் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "நீயே சொல்லு அம்மணி, உனக்குத் தெரியுதா?" என்று கேட்கிற பார்வை. தபஸ்ஸுமின் வாயில் கொழுக்கட்டை. கேமராப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் பேசாததையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

"படத்துலயே தெரியுதுன்னா எனக்குத்தான் தெரியல போல இருக்குதுங்க" என்றாள் சித்ராதேவி.

பையருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்து சரக்கை அனுப்பினார்கள். சித்ராதேவியை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நூல் வெட்டும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவளும் கொஞ்சநாள் போனாள். பிறகு வரவில்லை.

தபஸ்ஸும் திரும்ப அந்தக் கம்பெனிக்குப் போனபோது லைட் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு இளவட்டப் பையன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியானம் யாரும் டிபன்பாக்ஸ் மூடியை அவள் பக்கம் நகர்த்தவில்லை. கொண்டுபோன சாப்பாட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை நிட்டிங் யூனிட்டுக்குப் போகவில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தியவள், என்ன கேட்பது என்று தெரியாமல் கையை இறக்கினாள். மன்னிப்பை அல்லாவிடம் கேட்டுவிடலாம். ஆனால் கேட்க வேண்டிய இடம் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான் அஸ்ஃபாக்.

"ஒண்ணுமில்ல" என்றாள். அவனிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் சந்தையில் சித்ராதேவியே எதிரில் வந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி. தக்காளியைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தபஸ்ஸுமைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் அம்மணி. வயசுக்குத் தக்கனதான் இருக்குது, ஒண்ணும் பயமில்லைன்னாங்க. அவங்க என்னத்தக் கண்டாங்க? சென்னிமலை முருகனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்தறதா வேண்டியிருக்கறேன். பார்வை திரும்பட்டும்."

"அக்கா…" என்றாள் தபஸ்ஸும்.

"நீ மட்டும் படம் எடுக்கலீன்னா எனக்குத் தெரிஞ்சே இருந்திருக்காது. இன்னும் எத்தன லாட்ட அப்பிடி உட்டிருப்பனோ. முதலாளிக்கு எவ்வளவு நட்டமாயிருக்கும். நீ நல்லா இருப்பே கண்ணு."

தபஸ்ஸும் சந்தையிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை வேல்குமாரின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மருதாணி வீடு, பச்சைக் குறி, கம்ப்யூட்டரில் பார்த்தது, பார்த்த பிறகும் அனுப்பியது, லைட் பாக்ஸ் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றது. சொல்லச் சொல்லக் காது சூடானது.

வேல்குமார் பேனாவை மூடி வைத்தார். "ஏனுங்க, இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?"

"ஆட்டோன்னு சொல்ல வெக்கமாயிருந்துச்சுங்க."

அவர் ஆர்டர் ஃபைலை இழுத்துப் புரட்டினார். பிறகு, "பையர்கிட்ட நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்டாச்சு. இனி அதைக் கிளற முடியாது" என்றார். "சித்ராக்காவ வரச் சொல்லுங்க. அதே லைட் பாக்ஸ் டேபிளுக்கே வரட்டும். நான் சொன்னா சங்கடப்படுவாங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க. அதுதான் முறையும்."

அதற்கு அவள் நன்றி சொன்னாள். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவளுக்குக் கொஞ்சம் கால் தரையில் பாவவில்லை. இந்துமதியிடம் கேட்டு, ஸ்டோரில் மிச்சமிருந்த இரண்டு பிஸ்தாப் பச்சை டீ-ஷர்ட்டுகளை வாங்கிக்கொண்டாள். இரண்டும் இரண்டாவது லாட்தான், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவை. ஒன்றை ஆட்டோவிலும் இன்னொன்றை மேனுவலிலும் எடுத்துக் காட்டினால், துணி ஒன்றேதான், கேமரா செய்த கூத்து இது என்று அக்காவுக்குப் பட்டென்று விளங்கிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்து இதையே பலமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

சித்ராதேவி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வா அம்மணி, ஊட்டுக்குள்ள வா" என்று எழுந்தாள்.

"இல்லக்கா, இங்கயே வெளிச்சமா இருக்குது" என்ற தபஸ்ஸும், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். ஒத்திகை பார்த்தது எதுவும் அந்த வரிசையில் வரவில்லை. "அக்கா, தப்பு உங்க மேல இல்ல. உங்க கண்ணு மேல இல்ல. நான் கேமராவ ஆட்டோவுல வெச்சு எடுத்துட்டேன். அதுதான் நிறத்தை மாத்திருச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்லாம இருந்துட்டேன்." கடைசி வாக்கியத்தில் அழுகை வந்துவிட்டது.

சித்ராதேவி அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான் சந்தையில அப்பிடிச் சொன்னதுல உனக்கு மனசு கேக்கல, அதுதானே? எனக்காவ உம்மேல பழியப் போட்டுக்கறே. நீ ஆட்டோவுல எடுப்பியா? ஊருக்கே தெரியுமே."

"நெசமாத்தான்கா. முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன். உங்கள அதே டேபிளுக்கு வரச் சொன்னாரு."

"அவரும் நல்ல மனுசன்" என்றாள் சித்ராதேவி.

என்ன சொன்னாலும் அந்த அம்மாள் அதை ஒரு அன்பாக மாற்றிக்கொண்டு, பத்திரமாக ஓரமாக வைத்துவிடுவாள் போலிருந்தது. தபஸ்ஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். கேமராவை எடுத்து வெளியில் வைத்தாள். இரண்டு சட்டைகளையும் எடுத்தாள். "இருங்க, நான் எடுத்தே காட்டறேன்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சித்ராதேவி சட்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

பழைய பழக்கம். இரண்டையும் உதறி, மடிப்பை நீவி, வெயில் நேரே படாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்றைப் பாதி ஏற்றிவைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பின்பு இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். அவசரமே இல்லை. கம்பெனியில் மாஸ்டர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதேபோலத் தபஸ்ஸும் உட்கார்ந்திருந்தாள்.

சித்ராதேவியின் முகம் தெளிந்தது. ஏதோ தொலைத்த சாமானைக் கண்டெடுத்தவள் போல நிமிர்ந்தாள்.

"இப்பத் தெரியுது பாரு அம்மணி! இது முதல் லாட்டு. இது ரெண்டாவது, மங்கிப்போய்க் கெடக்குது. அன்னைக்கு எனக்கு இது தெரியாமப் போயிருச்சே. முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

பேசாமல் இருந்துவிடலாமா என்று தபஸ்ஸுமுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆமாம் அக்கா என்று சொல்லிவிட்டால் இவள் சந்தோஷமாக டேபிளுக்குத் திரும்பிவிடுவாள். ஆனால் ஒருதரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பட்டது போதாதா?

"அக்கா, ரெண்டும் ஒரே லாட்டு. ஒரே பெட்டியிலிருந்து இன்னைக்குக் காலைலதான் எடுத்துட்டு வந்தேன்."

சித்ராதேவி அவளைப் பார்த்தாள். இந்தத் தடவை நம்பினாள். அது முகத்திலேயே தெரிந்தது. மறுபடியும் சட்டைகளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மெல்ல மடியில் இறங்கியது.

"ஒரே லாட்டா?"

"ஆமாங்கக்கா."

"எனக்கு ரெண்டாட்டந்தான் தெரியுது, இப்பவும்."

"நாங்க எல்லாருமாச் சேர்ந்து சொல்லிச் சொல்லி உங்களுக்கு அப்பிடி ஆயிருச்சு. கொஞ்சநாள் போனா…"

சித்ராதேவி இரண்டு சட்டைகளையும், பேக்கிங்கில் மடிப்பதுபோல, கைப்பகுதி பின்னால் போகுமாறு ஒழுங்காக மடித்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தபஸ்ஸுமின் மடியில் வைத்தாள்.

"அன்னைக்கு ஒண்ணாத் தெரிஞ்சது. அதுதான் சரின்னு நீ சொல்றே. இன்னைக்கு ஒண்ணையே ரெண்டாப் பாக்கறேன். அன்னைக்கு நல்லா இருந்த கண்ணு இப்பத்தான் போயிருக்குது அம்மணி." அவள் குரலில் வருத்தம்கூட இல்லை, லாட்டைப் பார்த்து முடிவு சொல்கிற அதே குரல். "டேபிளுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு."